ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவர்கள்

வல்லரசு நாடு இன்னொரு நாட்டு விவகாரத்தில் தலையிடலாமா என்ற பேச்சு வந்தாலே நாம் எல்லோரும் அமெரிக்காவைப் பிடித்துக்கொள்கிறோம். வியட்நாம், ஈராக், ஆப்கானிஸ்தான், லிபியா என்று வரிசையாகச் சொல்ல நமக்குத் தெரியும். 2003-இல் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று சொல்லி ஈராக்குக்குள் போனார்களே, கடைசிவரை ஒன்றும் கிடைக்கவில்லையே என்று கேட்கவும் தெரியும். அதெல்லாம் சரிதான், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் போன வாரம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சு ஓடியபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன், "நம்ம நாடு இதுவரைக்கும் யார் விஷயத்துலயும் தலையிட்டதில்ல மேடம்" என்றான். மேசையில் இருந்த ஆறேழு பேரில் ஒருவர்கூட மறுக்கவில்லை. எல்லோரும் தமிழர்கள். இரண்டு பேர் என் வயதுக்காரர்கள்.

எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. அவன் மீது கோபம் இல்லை, அவன் பிறந்தது 2000-க்குப் பிறகு. ஆனால் ராமேஸ்வரத்திலிருந்து பார்த்தால் அக்கரை என்று சொல்லிவிடக்கூடிய தூரத்தில் நடந்ததை இவ்வளவு சீக்கிரம் நாம் மறந்திருக்கிறோம் என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் சித்தப்பா ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்தவர். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். 1987 ஆகஸ்டில், இலங்கையில் அமைதி காக்க என்று இந்தியா அனுப்பிய படையோடு அவரையும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஆகஸ்ட் மாதத்தைப் பற்றி மட்டும் அவர் பேசுவார். தெருவுக்குத் தெரு மாலை போட்டார்களாம். அவர் தமிழ் பேசுகிறவர் என்று தெரிந்ததும் கொக்குவிலில் ஒரு வயதான அம்மா வாசலில் நிறுத்தி, "தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று சொல்லி வெறும் தேநீரும், கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டியும் கொடுத்தாராம். நம் ஊர் கருப்பட்டியைத்தான் அங்கே பனங்கட்டி என்கிறார்கள். அதன் பிறகு அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு டம்ளர் தேநீர் தயாராக இருக்கும் என்பார். இதைச் சொல்லும்போது அவர் முகமே வேறு மாதிரி இருக்கும். அக்டோபருக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்.

சரி, அக்டோபருக்குப் போவதற்கு முன்னால் 1971-ஐச் சொல்ல வேண்டும். தலையீடு என்றாலே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. 1971-ஐப் பார்த்த யாரும் அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது.

1970 டிசம்பரில் பாகிஸ்தானில் தேர்தல் நடந்தது. கிழக்குப் பாகிஸ்தானின், அதாவது இன்றைய வங்கதேசத்தின், 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் பிடித்தது. மொத்த நாடாளுமன்றத்திலும் அதுவே பெரும்பான்மை. முஜிப்தான் பிரதமராகியிருக்க வேண்டும். ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கானும், மேற்கில் அதிக இடம் பிடித்திருந்த புட்டோவும் அதற்கு வழிவிடவில்லை. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் தன் சொந்த மக்கள் மீதே பாய்ந்தது. பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்களைக் கொன்றார்கள். அடுத்த ஒன்பது மாதங்களில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் எல்லையைத் தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். ஒரு கோடி! மேற்கு வங்கம், திரிபுரா, அசாம், மேகாலயா எங்கும் முகாம்கள். காலரா வேறு. திரிபுராவில் ஊர் மக்கள் தொகைக்கு நிகராக அகதிகள் இருந்தார்கள்.

அப்போது உலகத்தின் பெரிய வல்லரசு என்ன செய்தது? டாக்காவில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட், கண்ணெதிரே நடப்பதை வாஷிங்டனுக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். ஏப்ரல் 6-ஆம் தேதி அங்கிருந்த அமெரிக்க அதிகாரிகள் 20 பேர் தங்கள் சொந்த அரசின் மௌனத்தைக் கண்டித்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தி அனுப்பினார்கள். நிக்சனும் கிஸ்ஸிஞ்சரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சீனாவோடு ரகசியமாகப் பேச அவர்களுக்குப் பாகிஸ்தான் வழியாக ஒரு கதவு தேவைப்பட்டது, அந்த ஜூலையில் கிஸ்ஸிஞ்சர் பாகிஸ்தானிலிருந்துதான் பெய்ஜிங் போனார். பிளட்டை அங்கிருந்து மாற்றிவிட்டார்கள். இதையும் ஒரு தலையீடு என்றே நான் சொல்வேன். கொலைகாரனுக்கு ஆயுதமும் ஆதரவும் தருகிற நாடு, "அது அவர்கள் உள்நாட்டு விவகாரம்" என்று சொன்னால் அதற்குப் பெயர் ஒதுங்கி நிற்பது இல்லை.

இந்தியா டிசம்பரில் போருக்குப் போனது. டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் விமானப் படை நம் விமானத் தளங்களைத் தாக்கியதிலிருந்து கணக்கு வைத்தால் 13 நாள். டிசம்பர் 16 அன்று டாக்கா ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் ஜெனரல் நியாஸி சரணடைந்தார், 93,000 பேர் கைதானார்கள். இந்தியா இதைப் பரிசுத்தமான மனதோடு மட்டும் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். பாகிஸ்தானை இரண்டாக உடைக்கிற வாய்ப்பு டெல்லிக்கு இனித்தது என்பதில் சந்தேகமில்லை. வங்காள விடுதலைப் படையான முக்தி பாஹினிக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்ததும் நாம்தான். ஆனாலும் இரண்டு விஷயங்கள் அங்கே இருந்தன. அந்த மக்கள் ஏற்கெனவே வாக்குப் பெட்டியில் தங்கள் பதிலைச் சொல்லியிருந்தார்கள், யார் அவர்கள் சார்பில் பேசலாம் என்ற குழப்பமே கிடையாது. ஏப்ரல் 17-ஆம் தேதியே அவர்களுக்கென்று ஓர் அரசு பதவியேற்றுவிட்டது. இன்னொன்று, சிறையிலிருந்து விடுதலையாகி வந்த முஜிப் இந்திய ராணுவம் எப்போது கிளம்பும் என்று கேட்டார், 1972 மார்ச்சில் டாக்காவில் பிரியாவிடை அணிவகுப்பு நடந்தது, கிளம்பிவிட்டார்கள். மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. போன ராணுவம் திரும்பி வருவது உலகத்தில் எவ்வளவு அபூர்வம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. அவ்வளவு செய்தும் நன்றியைக் காலத்துக்கும் வசூலிக்க முடியாது. 2024 ஆகஸ்ட் 5 அன்று வங்கதேசப் பிரதமராக இருந்த ஷேக் ஹசீனா டாக்காவிலிருந்து இந்தியாவுக்குத் தப்பி வந்தபோது அங்கே தெருவில் நின்ற இளைஞர்கள் இந்தியாவை எவ்வளவு கோபத்தோடு பேசினார்கள் என்று பார்த்தோம். நம் ஊரில் பலர் "நன்றி கெட்டவர்கள்" என்று எழுதினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. உன் தாத்தாவைக் காப்பாற்றினேன், அதனால் உன் நாட்டை யார் ஆள வேண்டும் என்பதில் எனக்கும் ஒரு குரல் உண்டு என்று ஒரு பேரனிடம் போய்ச் சொன்னால் அவன் என்ன செய்வான்?

இப்போது இலங்கைக்கு வருகிறேன்.

1983 ஜூலையில் கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் தமிழர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள், வீட்டையும் கடையையும் எரித்தார்கள். தமிழ்நாடு கொதித்தது. அந்தக் கொதிப்பு உண்மையானது, என் அம்மா இன்றும் அந்த நாட்களைச் சொல்வார். ஆனால் டெல்லி செய்த காரியம் என்ன? ஒரு பக்கம் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேவோடு பேச்சுவார்த்தை, இன்னொரு பக்கம் தமிழ்ப் போராளிக் குழுக்களுக்கு இந்திய மண்ணில் ரகசியமாக ஆயுதப் பயிற்சி. ஒரு குழுவுக்கு மட்டும் இல்லை, பல குழுக்களுக்கு. கொழும்பை மிரட்டி வழிக்குக் கொண்டுவரக் கையில் ஒரு சாட்டை வேண்டும் என்று நினைத்தார்கள். அந்தச் சாட்டை சில வருடங்களில் யார் முதுகில் விழப்போகிறது என்று அப்போது யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பயிற்சி பெற்ற குழுக்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. 1986-இல் விடுதலைப் புலிகள் டெலோ இயக்கத்தைக் கிட்டத்தட்ட அழித்தார்கள். ஆகவே தமிழ் மக்கள் சார்பில் யார் பேசுவது என்ற கேள்விக்கு, 1971 வங்காளத்தில் இருந்தது போல ஒரு தெளிவான பதில் இங்கே இல்லாமல் போனது. அதற்குப் புலிகளும் பொறுப்பு, டெல்லியும் பொறுப்பு.

1987 மே மாதம் இலங்கை ராணுவம் யாழ்ப்பாணத்தின் வடமராட்சிப் பகுதியில் பெரிய தாக்குதலைத் தொடங்கியது. ஏற்கெனவே எரிபொருள் முதல் பலவற்றுக்கும் தடை இருந்தது. ஜூன் 3-ஆம் தேதி ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருட்களோடு போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாளே ஐந்து ஏஎன்-32 விமானங்கள், கூடவே காவலுக்கு மிராஜ் போர் விமானங்கள் பறந்துபோய் யாழ்ப்பாணத்தின் மீது சுமார் 25 டன் உணவுப் பொருட்களைப் போட்டுவிட்டு வந்தன. 'ஆபரேஷன் பூமாலை' என்று பெயர். 25 டன் அரிசியும் பருப்பும் யாழ்ப்பாணத்துக்கு எத்தனை நாளைக்குக் காணும்? அது சாப்பாட்டுக்காகப் போட்டது இல்லை, நான் நினைத்தால் உன் வானத்துக்குள் வருவேன் என்று ஜெயவர்த்தனேவுக்குக் காட்டியது. அவருக்கும் புரிந்தது. தமிழ்நாட்டில் நாமெல்லாம் கைதட்டினோம். பசியில் இருந்த ஒரு வீட்டில் அந்த மூட்டை விழுந்திருந்தால் அவர்களும் கைகூப்பித்தான் இருப்பார்கள், அதையும் நான் மறுக்கவில்லை.

எட்டே வாரம். ஜூலை 29-ஆம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஊரடங்கு உத்தரவுக்கு நடுவில் போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள், ஏனென்றால் சிங்கள மக்களும் அந்த ஒப்பந்தத்தை விரும்பவில்லை. மறுநாள் அணிவகுப்பு மரியாதையை ஏற்றபடி நடந்துபோன ராஜீவைச் சிங்களக் கடற்படை வீரர் ஒருவர் துப்பாக்கிக் கட்டையால் அடித்த படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். பிரபாகரன் அந்த நாட்களில் டெல்லியில் அசோகா ஹோட்டலில் இருந்தார், காவலோடு. தமிழர் பிரச்சினையைத் தீர்க்க ஓர் ஒப்பந்தம், அதில் தமிழர் தரப்பு என்று ஒரு கையெழுத்தும் கிடையாது. புலிகள் மட்டும் இல்லை, ஆயுதம் எடுக்காத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் அதில் கையெழுத்து இல்லை. மொத்த விஷயமும் எனக்கு இந்த ஓர் இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. சண்டை நிற்கவில்லையென்றால் சாகப் போகிறவர்கள் யாரோ, அவர்களுடைய பேனாவை மேசைக்குப் பக்கத்திலேயே கொண்டுவரவில்லை.

ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களை ஒரு முறை படித்துப் பாருங்கள், இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டு ராணுவமும் திருகோணமலைத் துறைமுகத்தைப் பயன்படுத்தக் கூடாது. திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளை இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டு உளவு, ராணுவ ஆட்கள் இலங்கையில் இருப்பது பற்றிப் பேசித் தீர்க்க வேண்டும். வெளிநாட்டு வானொலி நிலையங்களுக்குக் கொடுத்த வசதிகளைத் திரும்பப் பார்க்க வேண்டும். முதன்முதலாக இதைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. வடமராட்சியில் தெருவில் நின்ற குடும்பத்துக்கும் எண்ணெய்த் தாங்கிக்கும் என்ன சம்பந்தம்? ஒரு பெரிய நாடு அடுத்த வீட்டுப் பிரச்சினைக்குள் நுழையும்போது தன் பையில் இந்தப் பட்டியலையும் எடுத்துக்கொண்டுதான் போகிறது. நாடு என்றால் தன் நலனைப் பார்க்கத்தான் செய்யும் என்று சொல்வீர்கள். பார்க்கட்டும். ஆனால் அதை "உங்களைக் காப்பாற்ற வந்தோம்" என்ற சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வரக்கூடாது, ஏனென்றால் அந்த இரண்டுக்கும் முரண்பாடு வருகிற நாளில் எது ஜெயிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்த நாள் வர இரண்டே மாதம் ஆனது. செப்டம்பர் 15-ஆம் தேதி புலிகள் இயக்கத்தின் திலீபன் யாழ்ப்பாணத்தில் நல்லூர் கோயில் வீதியில் ஐந்து கோரிக்கைகளை வைத்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அவர் இந்தியாவை நோக்கித்தான் கேட்டார். 26-ஆம் தேதி இறந்துபோனார். காந்தியின் நாடு என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம் இல்லையா, அந்த நாட்டிடம் உண்ணாவிரதம் இருந்து ஒரு 23 வயதுப் பையன் செத்துப் போனான். புலிகள் மீது எனக்கு எத்தனையோ கோபம் உண்டு, அந்தச் செப்டம்பரிலேயே மட்டக்களப்பில் மற்ற இயக்கத்துக்காரர்களை அவர்கள் சுட்டுத் தள்ளினார்கள். இருந்தும் நல்லூரில் அந்தப் பன்னிரண்டு நாளும் கூடி நின்று அழுத மக்களை நான் புலிகளாகப் பார்க்க முடியாது.

பிறகு அக்டோபர் 3-ஆம் தேதி குமரப்பா, புலேந்திரன் உட்பட 17 புலிகளை இலங்கைக் கடற்படை கடலில் பிடித்துப் பலாலி விமானத் தளத்தில் வைத்தது. கொழும்புக்குக் கொண்டுபோகப் போகிறோம் என்றது. பலாலியில் இந்திய ராணுவமும் இருந்தது. தடுத்திருக்கலாமா, தடுக்க உத்தரவு வரவில்லையா என்று இன்றுவரை ஒருவர் மீது ஒருவர் பழி போடுகிறார்கள். அக்டோபர் 5 அன்று அவர்கள் சயனைடு கடித்தார்கள், 12 பேர் இறந்தார்கள். அதன் பிறகு புலிகள் கிழக்கில் சிங்களப் பொதுமக்களைக் கொன்றார்கள். 10-ஆம் தேதி இந்திய ராணுவம் யாழ்ப்பாணத்தின் மீது போர் தொடங்கியது. மாலை போட்டு வரவேற்று பத்து வாரம் ஆகியிருந்தது.

11-ஆம் தேதி நள்ளிரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் 30 பேர். புலிகள் அவர்களைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். ஒரே ஒருவர்தான் உயிரோடு பிடிபட்டார். பஞ்சாபின் ஏதோ கிராமத்தில் பிறந்து, எதற்கு இங்கே வந்தோம், யாரோடு சண்டை என்று தெரியாமல் செத்துப்போன அந்தப் பையன்களை நினைத்தாலும் எனக்கு ஆறாது. வேறு ஒரு பக்கம், அக்டோபர் 21, தீபாவளி நாள், இந்தியப் படையினர் யாழ்ப்பாணப் பெரிய ஆஸ்பத்திரிக்குள் புகுந்தார்கள். மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என்று 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள் என்பது இந்தியத் தரப்பின் வாதம். கட்டிலுக்கு அடியிலும் பிணங்களுக்கு நடுவிலும் கிடந்து பிழைத்த ஊழியர்கள் சொன்னது வேறு. இன்றுவரை யார் மீதும் வழக்கு இல்லை. அந்தத் தீபாவளிக்கு நான் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு புஸ்வாணம் விட்டேன். எனக்கு ஐந்து வயது.

சித்தப்பா அக்டோபரைப் பற்றிப் பேசாதவர் என்று சொன்னேன் இல்லையா. ஒரே ஒரு விஷயத்தை மட்டும், அதுவும் பல வருடம் கழித்து, சொன்னார். நவம்பரில் சண்டை கொஞ்சம் ஓய்ந்த பிறகு கொக்குவில் பக்கம் ஒரு சோதனைச் சாவடியில் அவர் நின்றிருந்தார். அந்தத் தேத்தண்ணி கொடுத்த அம்மா வந்தார். சித்தப்பா "அம்மா, நல்லா இருக்கீங்களா" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. அடையாள அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, முகத்தைப் பார்க்காமல் நீட்டியிருக்கிறார். "சிங்கள ஆமிகிட்ட எப்படி நீட்டுவாங்களோ அப்படி பாப்பா" என்றார் சித்தப்பா. அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். வேறு என்ன செய்ய முடியும் அவரால்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியப் படை அங்கே 70,000-ஐத் தாண்டிப் போனது. 1988-இல் மாகாண சபைத் தேர்தல் நடத்தி நமக்குப் பிடித்தவர்களை ஆட்சியில் வைத்தோம். அந்த ஆட்சியைக் காப்பாற்ற ஒரு படை வேண்டும் என்று தெருவில் போன பையன்களைப் பிடித்து ஆயுதம் கொடுத்தார்கள். தெற்கே இந்திய எதிர்ப்பையே கொடியாகப் பிடித்து ஜேவிபி என்ற சிங்கள இடதுசாரி இயக்கம் கிளம்பியது, அந்தக் கலவரத்திலும் அதை அடக்கியதிலும் பல்லாயிரம் சிங்கள இளைஞர்கள் செத்தார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் இந்தியப் படையினர் 50-க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றார்கள். அதற்கு முன்பு, அந்த வருட ஜூன் மாதத்திலேயே புதிய அதிபர் பிரேமதாசா, ஜூலை 29-க்குள் வெளியே போங்கள் என்று சொல்லிவிட்டார். நாம் போகவில்லை. இந்தியப் படையை வெளியேற்றுவதற்காகக் கொழும்பு அரசே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது. யாரைப் பிரித்து வைக்க நாம் போனோமோ அந்த இரண்டு தரப்பும் நம்மை விரட்டக் கைகோத்தார்கள். டெல்லியில் ஆட்சி மாறி வி.பி. சிங் வந்த பிறகு, 1990 மார்ச் 24-இல் கடைசிக் கப்பல் கிளம்பியது. 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். தமிழ்ப் பொதுமக்கள் ஆயிரக்கணக்கில். சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அந்தக் கூட்டத்தில் என் சித்தப்பாவும் இறங்கினார். அடுத்த வருடம் மே 21, ஸ்ரீபெரும்புதூர்.

இவ்வளவையும் சொன்னால் "அப்படியானால் எந்த நாடும் எங்கேயும் போகக் கூடாதா" என்று கேட்பவர்கள் உண்டு. ருவாண்டாவைச் சொல்வார்கள், நியாயமாகத்தான் சொல்வார்கள். 1994-இல் அங்கே நூறு நாளில் எட்டு லட்சம் பேர் வரை வெட்டிக் கொல்லப்பட்டபோது, ஏற்கெனவே அங்கே இருந்த ஐ.நா. படையைக்கூட உலகம் குறைத்துக்கொண்டது. 270 பேர் போதும் என்று பாதுகாப்புச் சபை தீர்மானம் போட்டது. அந்தத் தளபதி டல்லேர் கெஞ்சியும் யாரும் ஆள் அனுப்பவில்லை. கொலை நடந்துகொண்டிருக்கும்போது கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகலாமா என்றால், போகலாம், போகத்தான் வேண்டும். அதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. கம்போடியாவில் போல் பாட் கும்பலை 1979-இல் விரட்டியது வியட்நாம் படைதான், அவர்கள் தங்கள் காரணத்துக்காகத்தான் போனார்கள், இருந்தாலும் அந்தக் கொலைக்களம் நின்றது. ஆனால் கொலையை நிறுத்தப் போவது ஒன்று, அந்த நாட்டை எப்படி ஆள வேண்டும், யார் முதலமைச்சர், யார் கையில் துப்பாக்கி இருக்கலாம், எந்தத் துறைமுகம் யாருக்கு என்று தீர்மானிக்க உட்கார்ந்துவிடுவது வேறு ஒன்று. முதலாவதில் தொடங்குகிற பெரிய நாடுகள் எல்லாம் இரண்டாவதற்கு வழுக்கிப் போகின்றன, கிளம்புங்கள் என்று அந்த மக்கள் சொல்லும்போது காதில் விழாத மாதிரி இருக்கின்றன. என் நாடும் அப்படித்தான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு இதுதான் முக்கியம். படை அனுப்பாமலே ஒரு பெரிய நாடு செய்யக்கூடிய உதவி இருக்கிறது. கதவைத் திறப்பது. 1971-இல் ஒரு கோடிப் பேருக்குத் திறந்தோம். 1983-க்குப் பிறகு ராமேஸ்வரம் கரையில் படகில் வந்து இறங்கியவர்களுக்குத் தமிழ்நாடு திறந்தது, மண்டபம் முகாமில் சோறு போட்டது. இந்தியா இலங்கைத் தமிழர்களுக்குச் செய்ததிலேயே யாரையும் கொல்லாத உதவி அதுதான். ஆனால் 1991-க்குப் பிறகு அதே மக்களைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினோம். இன்றைக்கும் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 50,000-க்கும் அதிகமானவர்கள் இருக்கிறார்கள். 2021-இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், நல்ல காரியம், புதிதாக வீடும் கட்டிக் கொடுத்தார்கள். ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நம்மைப் போலவே பேசுகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குக் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் உண்டு, இலங்கை இல்லை. 70,000 படைவீரர்களைக் கடல் தாண்டி அனுப்ப முடிந்த ஒரு நாட்டுக்கு, தன் மண்ணில் பிறந்த ஒரு பிள்ளைக்கு ஒரு காகிதம் கொடுக்க முடியவில்லை. அடுத்த நாட்டில் தலையிடலாமா என்று விவாதிக்கிறவர்கள் இதை முதலில் பேச வேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் ஊரிலிருந்து நாலு கிலோமீட்டரில் ஒரு முகாம் இருந்தது. அங்கிருந்து வந்த ஒரு பெண் என்னோடு ஒன்பதாம் வகுப்பில் படித்தாள். 1990-இல் அவள் குடும்பம் வந்தது, அவள் அப்பா பெயிண்ட் அடிக்கிற வேலைக்குப் போவார். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை கணக்கு நோட்டைப் பார்த்து எழுத எங்கள் வீட்டுக்கு வந்தாள். சித்தப்பா அப்போது பென்ஷனில் வந்துவிட்டார், திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அம்மா டீ போடட்டுமா என்று கேட்டதற்கு அவள், "பால் வேண்டாம் அன்ரி, சும்மா தேத்தண்ணி காணும்" என்றாள்.

சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். "எந்த ஊரும்மா நீ?"

"கொக்குவில்."

அவர் எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார், கையில் ஒரு காகிதப் பொட்டலம். அதற்குள் அம்மா போட்டு வைத்த தேநீர் ஆறிவிட்டது. திரும்பச் சூடு பண்ணச் சொன்னார். பொட்டலத்தைப் பிரித்துக் கருப்பட்டியை உடைத்து ஒரு துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"கடிச்சுக்கிட்டுக் குடி."

அவள் கையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்பிடி மாமா இது தெரியும்?"

"அங்க கொஞ்ச நாள் இருந்தேன்மா."

"ஆமியிலயா?"

சித்தப்பா தலையை ஆட்டினார். அவள் சிறிது நேரம் டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஒரு துளி கடித்து, குடித்தாள். இரண்டு பேரும் அதற்குமேல் எதுவும் பேசவில்லை. ஐந்து மணி தாண்டியதும் நோட்டை மூடினாள், ஆறு மணிக்குள் முகாமுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிக் கிளம்பினாள். சித்தப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முகாம் வாசல் வரை அவள் கூடவே நடந்து போய் விட்டுவிட்டு வந்தார்.